தண்ணீருக்கடியில் கேட்கும் கேள்வி

"கீழே போனா அப்படியே இருந்துடலாம் போல இருக்கும்ல மாமா?"

போன வாரம் மருமகள் இதைச் சாதாரணமாகத்தான் கேட்டாள். டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் கைப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

மாமனாரான கண்ணாடிக்காரர் அதை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அம்மாள் ஊரையே கூட்டியிருப்பாள்.

மழை நாள் ஒன்றில் பைக்கில் போன மகன் திரும்பி வராததும், மருமகள் தாய்வீட்டுக்குப் போக மறுத்து மாமனார் மாமியாரோடு தங்கிவிட்டதும் ஊருக்கே தெரிந்த கதை. அவள், முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் இறங்குகிற ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது மாமியார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். நாலைந்து நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, கடைசியில் அந்த அம்மாள் பாரத்தைக் கணவர் தலையில் இறக்கினாள்.

"போறதுன்னா நீங்களே கூடப் போங்க. பத்திரமான எடமா பாத்துச் சேத்துட்டு வாங்க. இன்னொரு தடவை எனக்குத் தாங்காது."

தனக்கும் தாங்காது என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மருமகள் சொன்ன வார்த்தையைக் கேட்ட பிறகு பயம் வந்திருக்க வேண்டும். உள்ளே தேடிப் பார்த்தார். பயம் என்று பெயர்ப்பலகை மட்டும் தொங்கியது, கடை பூட்டியிருந்தது. காலையில் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்தபோதும் அப்படித்தான். வார்த்தைகள் பழக்கத்தில் வந்தன. 'அவளை எனக்கு விட்டு வை' என்று முடித்தார். சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது.

ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டார். மனம் வராவிட்டாலும் கால் போகலாம் அல்லவா? கடவுள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்றுதான் தோன்றுகிறது.

அன்று மூக்குக்கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. மாமியார் கடை மேசையில் கண்ணாடிச் சட்டங்களைப் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகன் போன பிறகு அந்த வீட்டில் பேச்சு குறையவில்லை. கணவரின் பங்கும் சேர்ந்து அவளிடம் வந்திருந்தது, அவ்வளவுதான்.

"என்னங்க, கண்ணாடி வாங்க வர்றவங்களை மணிக்கணக்கா கேள்வி கேப்பீங்க. அங்க போய் வாயை மூடிட்டு உக்காந்துடாதீங்க."

"கேக்கறேன்."

"என்ன கேப்பீங்க?"

"வாத்தியார் ஒருத்தரோட எத்தனை பேரை எறக்குவாங்கன்னு."

"காத்து தீந்துட்டா என்ன பண்ணுவாங்கன்னு கேளுங்க."

"கேக்கறேன்."

"மீன் கடிக்குமான்னு கேளுங்க."

"சரி."

"எல்லாத்துக்கும் ஒரு சரி! உங்களைக் கட்டிக்கிட்ட நேரத்துக்கு ஒரு செவுரைக் கட்டியிருந்தா வீடாவது பெருசாகியிருக்கும்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மருமகளின் உதடு கொஞ்சம் இழுபட்டது. சிரிப்பில் அவளுக்கு இப்போது கிடைப்பது அவ்வளவுதான்.

மாமியார் ஒரு துணிப்பையை அவளிடம் நீட்டினாள்.

"என்ன அத்தை இது?"

"துண்டு. தலை தொவட்ட."

"இன்னிக்குத் தண்ணியில எறங்கலை அத்தை. விசாரிக்கத்தான் போறோம்."

"இருக்கட்டும். தண்ணி பக்கம் போறீங்கல்ல. பிடி."

அந்த அம்மாளின் அன்பு எப்போதும் இப்படித்தான், அதட்டலில் சுற்றிக் கொடுக்கப்படும். சுற்றியிருப்பதைப் பிரித்துப் பார்க்கிற பொறுமை எல்லாருக்கும் இருப்பதில்லை. மருமகளுக்கு இருந்தது. பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

முதல் இடம் ஒரு வணிக வளாகத்தின் மாடியில், செல்போன் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் குளிர் அடித்தது. சுவர் முழுக்க நீலப் படங்கள். ஆமை, பவளம், பல் தெரியச் சிரிக்கிற ஒரு ஜோடி. மருமகள் அந்த ஜோடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் எழுந்து நின்று வரவேற்றான். நல்ல பல்வரிசை, நல்ல மரியாதை.

"மேடத்துக்கா சார்? சூப்பர். நீச்சலே தெரிய வேண்டாம். காலையில வகுப்பு, மத்தியானம் கடல், சாயந்தரம் கையில சர்டிபிகேட். அன்னிக்கே போட்டோ, வீடியோ எல்லாம் போனுக்கு வந்துடும்."

"ஒரே நாள்லயா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஒரே நாள் சார். யாருக்கு நேரம் இருக்கு இப்பல்லாம்?"

"வாத்தியார் ஒருத்தரோட எத்தனை பேர் எறங்குவாங்க?"

"நாலே பேர் சார். குடும்பம் மாதிரி."

பிறகு அவன் ஒரு படிவத்தை மருமகளிடம் தள்ளினான். உடம்பு பற்றிய கேள்விகள். ஆஸ்துமா உண்டா, காது வலி உண்டா, மருந்து சாப்பிடுகிறீர்களா என்று நீண்டது.

"எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போட்டுடுங்க மேடம். ஒண்ணுக்கு 'ஆமா'ன்னு போட்டாலும் டாக்டரைப் பாரு, சீட்டு வாங்குன்னு இழுத்தடிக்கும்."

மருமகள் பேனாவை எடுத்தவள் நிறுத்தினாள். "நான் தூக்க மாத்திரை சாப்பிடறேன்."

"ராத்திரிதானே சாப்பிடறீங்க? கடல் பகல்லதானே!" அவன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. மூக்கில் இறங்கிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். தடித்த கண்ணாடி. "இதைப் போட்டுட்டு எறங்க முடியாதே?"

"கீழ எல்லாமே பெருசா தெரியும் மேடம். கண்ணாடியே தேவைப்படாது."

கண்ணாடிக்காரருக்கு அவள் பவர் மனப்பாடம். கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். மகன் அவளை முதலில் பார்த்ததே அந்தக் கடையில், சோதனை நாற்காலியில்தான். கண்ணாடியைக் கழற்றினால், கை நீட்டும் தூரத்தில் இருக்கிற முகம்கூட அவளுக்கு மேகம். அந்தக் கண்ணோடு கடலுக்கடியில் போய் எதைப் படிப்பாள், யாரை அடையாளம் காண்பாள்?

அவர் அதைச் சொல்லவில்லை. தொழில் பழக்கத்தில் ஒன்று மட்டும் செய்தார்.

கண் சோதிக்கும்போது 'இது தெளிவா, அது தெளிவா' என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பார்கள். கண்ணாடிக்காரர் நடுவில், சொல்லாமல், முதலில் காட்டிய லென்ஸையே இன்னொரு தடவை போடுவார். அதே பதில் வந்தால் கண் பேசுகிறது. வேறு பதில் வந்தால் வாய் பேசுகிறது. அவர் கடையில் கண்ணாடி வாங்கினவர்களுக்குத் தலைவலி வந்ததில்லை என்று பேர் இருந்ததற்கு இந்தச் சின்னத் தந்திரம்தான் காரணம்.

ஆமையைப் பற்றி, படகைப் பற்றி, வீடியோவைப் பற்றி எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது, மறதிக்காரர் போலக் கேட்டார்: "வாத்தியார் ஒருத்தரோட எத்தனை பேர்னு சொன்னீங்க தம்பி?"

"அது கூட்டத்தைப் பொறுத்தது சார். ஆறு, எட்டு... போன மாசம் பத்து பேர்கூட எறங்கினாங்க. ஜாலியா இருந்துச்சு."

"ரொம்ப நன்றி," என்று கண்ணாடிக்காரர் கதவைத் திறந்தார்.

படியில் பாதி இறங்கியபோது அந்த இளைஞன் ஓடி வந்தான். கையில் துணிப்பை. "மேடம், துண்டை விட்டுட்டீங்க!" மூச்சு வாங்கக் கொடுத்துவிட்டு, மறுபடி மேலே ஓடினான்.

பொல்லாத பையன் இல்லை அவன். ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிற ஆளை அவன் இன்னும் சந்தித்ததில்லை, பாவம்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. இருவரும் விளம்பரப் பலகை ஒன்றின் ஒல்லி நிழலில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

"இங்கேயே சேந்துடலாமே மாமா. சீக்கிரம் முடிஞ்சிடும்."

'முடிஞ்சிடும்' என்ற சொல் அவர் காதில் விழுந்து, எங்கும் ஒட்டாமல் கீழே போயிற்று.

"எனக்கு அவன் சரியா படலை."

"நல்லாத்தானே பேசினான்?"

"நல்லாத்தான் பேசினான். ரெண்டு விதமா பேசினான்."

அவள் மேலே கேட்கவில்லை. பார்சல் கம்பெனி ஒன்றின் குறைகேட்புப் பிரிவில் வேலை அவளுக்கு. நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, வராத பார்சலுக்கும் உடைந்த பார்சலுக்கும் ஏச்சு வாங்குகிற வேலை. மேலே கேட்பதென்றால் அவளுக்கு வேலை நேரத்தில் மட்டும்தான்.

அவருக்குக் கேட்க ஒன்று இருந்தது. 'ஏன் அப்படிச் சொன்னே?' நாக்கு வரை வந்தது. பஸ்ஸும் வந்துவிட்டது.

இரண்டாவது இடத்துக்குப் பலகையே இல்லை. பொது நீச்சல் குளத்தின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. கொடியில் கறுப்பு ரப்பர் உடைகள் தலையில்லாத மனிதர்கள் மாதிரி வரிசையாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. நடுவில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஒரு பெண்மணி உட்கார்ந்து, மூச்சுக் குழாய்களின் வாய்ப்பகுதியை ஒவ்வொன்றாகப் பிரஷ் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்த கை, நரைத்த கிராப்பு. குளத்துக் காவலாளி முதல் நீந்த வருகிறவர்கள் வரை எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

அவர் நிமிர்ந்து முதலில் பார்த்தது மருமகளின் கண்ணாடியை.

"யாருக்கும்மா, உனக்கா? பவர் எவ்வளவு?"

மருமகளை முந்திக்கொண்டு மாமனார் சொன்னார்.

"அப்போ மாஸ்க்குக்குள்ள பவர் கண்ணாடி ஒட்டணும். இல்லைன்னா மீட்டர்ல காத்து எவ்வளவு மிச்சம்னு படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாதவங்களை நான் எறக்கறதில்லை. ஒட்டித் தர்ற கடை எதையாவது தேடிப் பாருங்க."

"இவரே கண்ணாடிக் கடைக்காரர்தான்," என்றாள் மருமகள்.

"அட! அப்புறம் என்ன? வீட்டுலயே வைத்தியரை வெச்சுக்கிட்டு."

 கண்ணாடிக்காரருக்குக் கடையின் கீழ் இழுப்பறை ஞாபகம் வந்தது.

அதில் ஒரு அட்டைப் பெட்டி இருக்கிறது. அந்த மழை நாளுக்குக் கொஞ்ச நாள் முன்பு மகன் கொண்டுவந்து வைத்தது. 'ரெண்டு மாஸ்க்ப்பா. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணுல அவ பவரை ஒட்டிக் குடுங்க. பொறந்தநாளுக்குக் குடுக்கப் போறேன், வாயை விட்டுடாதீங்க.' அவரும், 'அடுத்த வாரம் பாக்கறேன்டா' என்று கால் விரலால் இழுப்பறையைத் தள்ளி மூடினார். அடுத்த வாரம் அந்த வீட்டில் யாரும் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. அன்றைக்கு மூடியதுதான்; பிறகு திறக்கவில்லை.

"கேக்கறதை எல்லாம் கேளுங்க," என்றார் டீச்சர். "கேக்காம வர்றவங்களைப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

கேட்டார். வாத்தியார் ஒருத்தரோடு எத்தனை பேர்?

"கடல்ல ரெண்டு பேர். ரொம்பப் புதுசுன்னா ஒரே ஆள். அதுக்கு முன்னாடி இந்தக் குளத்துல பழகணும், எனக்குத் திருப்தியாகற வரைக்கும். சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலரை மறுபடி மறுபடி வரச் சொல்லுவேன்."

காற்று தீர்ந்துவிட்டால்?

டீச்சர் எழுந்து ஒரு கருவியை எடுத்துக் காட்டினார். ஒரே சிலிண்டரிலிருந்து இரண்டு வாய்க்குழாய். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு பக்கத்துல இருக்கறவங்களுக்கு. தனக்கு மட்டும்னு யாரும் காத்தை எடுத்துட்டுப் போறதில்லை. அப்புறம் படகுல ஆக்சிஜன் எப்பவும் இருக்கும். அலை சரியில்லைன்னா படகே போகாது. போன வாரம் முழுக்கப் போகலை. என்னைத் திட்டாத ஆள் இல்லை."

"மீன் கடிக்குமா?"

மருமகள் திரும்பி மாமனாரைப் பார்த்தாள்.

"வீட்டுல கேக்கச் சொன்னாங்க," என்றார் அவர்.

"அது வீட்டுக்குள்ள கையை விட்டா கடிக்கும். உங்க வீட்டுக்குள்ள ஒருத்தன் கையை விட்டா நீங்க விட்டுடுவீங்களா?" என்றார் டீச்சர். பிறகு தீவிரமானார். "மீனை விடுங்க. முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒண்ணுதான். மூச்சை அடக்கக் கூடாது. எது நடந்தாலும் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கணும். அடக்கினாத்தான் ஆபத்து."

எங்கள் வீட்டில் இத்தனை நாளாக அதை மட்டும்தானே செய்துகொண்டிருக்கிறோம் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர வலிக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து, மறதிக்காரர் போல ஆரம்பித்தார். "வாத்தியார் ஒருத்தரோட எத்தனை பேர்னு..."

"ரெண்டு. புதுசுன்னா ஒண்ணு. இப்பத்தானே சொன்னேன், மறுபடி கேட்டா கூடிடுமா?" டீச்சர் கண்ணைச் சுருக்கினார். "ஓகோ! கண்ணு டெஸ்ட் பண்றவர் இல்ல நீங்க? பாத்த லென்ஸையே மறுபடி போட்டுப் பாக்கறீங்களா?"

கண்ணாடிக்காரர் காதைச் சொறிந்தார்.

"நல்ல வேலைதான். நானும் கத்துக்கறேன்," என்று டீச்சர் மருமகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. எதுக்கு டைவிங்?"

"என் வீட்டுக்காரருக்கு ரொம்ப ஆசை. ரெண்டு பேரும் சேந்து கத்துக்கறதா இருந்தோம்." அவள் குரல் குறைகேட்புப் பிரிவின் குரலாக, தெளிவாக இருந்தது. "அவர் தவறிட்டார். நான் மட்டுமாவது கத்துக்கலாம்னு. ராத்திரி தூக்கத்துக்கு மாத்திரை சாப்பிடறேன். அதையும் சொல்லிடறேன்."

டீச்சர் 'ஐயோ' என்று சொல்லவில்லை. தலையையும் தடவவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்து, தான் உட்கார்ந்திருந்த வாளியை அவள் பக்கம் நகர்த்தினார். "உக்காரு," என்றார். தான் ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டார். யாரோ ஒருத்தி, முன்பின் தெரியாதவளுக்குத் தன் இருக்கையைத் தந்தாள், அவ்வளவுதான் நடந்தது. உலகத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது இப்படிப்பட்ட வாளிகள்தான் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

டீச்சர் குளத்தைக் காட்டினார், படகைப் பற்றிச் சொன்னார், உடைகளை எப்படிக் கழுவிக் காயப் போடவேண்டும் என்றார். மருமகளின் கையிலும் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார். அவள் தேய்க்க ஆரம்பித்தாள். ரப்பரில் பிரஷ் படும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

"எதுக்கு டைவிங்?" என்றார் டீச்சர், தன் வேலையைப் பார்த்தபடியே.

பிரஷ் நின்றது.

"கீழே சத்தமே இருக்காதாம்," என்றாள் மருமகள். இது வேறு குரல். "போன் அடிக்காது. யாரும் வந்து 'எப்படி இருக்கே, எப்படி இருக்கே'ன்னு கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான்."

கண்ணாடிக்காரர் கொடியில் சொட்டுகிற உடைகளைப் பார்த்தார். ஒரே லென்ஸ், இரண்டு பதில்.

"நான் கேப்பேனே," என்றார் டீச்சர்.

"என்ன?"

"கீழே எனக்கு வேற வேலையே இல்லைம்மா. காலால ரெண்டு தடவை துடுப்படிச்சா ஒரு தடவை திரும்பி உன்னைக் கேப்பேன். இப்படி." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினார். "சரியா இருக்கியா? நீயும் இப்படிக் காட்டணும், சரியா இருக்கேன். சரியா இல்லைன்னா..." கையை விரித்து, தராசுத் தட்டு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். "இப்படி. அப்புறம் எங்க சரியில்லைன்னு தொட்டுக் காட்டணும். காதா, மூச்சா, மனசா. பதில் வராம நான் ஒரு அடி நகர மாட்டேன். மேலே யாரும் இத்தனை தடவை கேக்க மாட்டாங்க."

"பொய்யா காட்டினா?"

"மேலே பொய் சொல்லலாம். எல்லாரும் சொல்றோம். கீழே நீ பொய்யா வளையம் காட்டினா, பக்கத்துல உன்னை நம்பி வர்றவளும் சேந்து மாட்டிக்குவா. உனக்காக வேண்டாம்னாலும் அவளுக்காக உண்மை சொல்லித்தான் ஆகணும்."

மருமகள் பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ உன்னைச் சேத்துக்க மாட்டேன்," என்றார் டீச்சர். சொன்ன விதம் கதவைச் சாத்துவது போல இல்லை. வெயிலாக இருக்கிறது, கொஞ்சம் நின்று போ என்பது போல இருந்தது. "மாத்திரை குடுத்த டாக்டர்கிட்ட இதைச் சொல்லு. அவர் சரின்னு எழுதிக் குடுக்கற வரைக்கும் சிலிண்டரைத் தொட விடமாட்டேன். அப்புறம் நான் மறுபடியும் எதுக்குன்னு கேப்பேன். அப்போ எனக்கு வேற பதில் வேணும்."

"அதுவரைக்கும்?"

"நீந்த வா. சாயந்தரம் நான் இங்கதான் இருப்பேன். தனியா வரக் கூடாது, துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வா. இங்க யாரும் தனியா தண்ணியில எறங்கறதில்லை. நான் உள்பட."

கிளம்பும்போது மருமகள் துணிப்பையைத் திறந்து, துண்டை எடுத்து, ஈரத் தரையில் உட்கார்ந்திருந்த டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் மறுக்காமல் வாங்கி உடையைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை.

"இதான் பத்திரமான எடமா மாமா?"

"இதான்."

"அவங்க சேத்துக்கவே மாட்டேங்கறாங்க."

"அதனாலதான்."

வெளிச்சம் மங்குவதற்கு முன் வீடு வந்துவிட்டார்கள். மாமியார் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன, நல்ல எடமா? பத்திரமா?"

"பத்திரமான எடம்."

"சேத்தாச்சா?"

"சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க."

இத்தனை நாள் 'போகாதே போகாதே' என்று ஒற்றைக்காலில் நின்ற அம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். "ஏனாம்? யாரு அவ, என் மருமகளைச் சேத்துக்க மாட்டேன்னு சொல்றதுக்கு? இவளுக்கு என்ன கொறைச்சல்?"

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். தோள் குலுங்கியது சிரிப்பா, வேறா என்று தெரியவில்லை.

கண்ணாடிக்காரர் கடை விளக்கைப் போட்டார். குனிந்து, கீழ் இழுப்பறையின் பிடியில் கை வைத்தார். கொஞ்சம் மக்கர் பண்ணியது, பிறகு வந்தது. அட்டைப் பெட்டியில் தூசிகூட இல்லை. மூடிக் கிடந்ததால் புதுசாகவே இருந்தது. அதுதான் அவருக்கு என்னவோ செய்தது. எல்லாமே பழசாகிக்கொண்டிருக்க, இது மட்டும் அந்த நாளிலேயே நின்றிருந்தது.

"இங்க வாம்மா," என்று கூப்பிட்டார்.

மருமகள் வந்தாள். அவர் ஒரு மாஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"அவன் வாங்கினது. உன் பொறந்தநாளுக்கு. பவர் ஒட்டித் தரச் சொன்னான். நான் அடுத்த வாரம்னு சொன்னேன்."

அவள் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டுப் பார்த்தாள். பிறகு விரல் நுனியால் மாஸ்க்கின் ரப்பர் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவினாள்.

"நாளைக்கு ஒட்டிடறேன்," என்றார். "அடுத்த வாரம் இல்லை. நாளைக்கு."

அவள் தலையாட்டினாள்.

கேள்வி மறுபடி நாக்குக்கு வந்தது. இப்போது பஸ் எதுவும் வரவில்லை.

"போன வாரம் ஒண்ணு கேட்டியே. கீழேயே இருந்துடலாம் போல இருக்கும்லன்னு. இப்பவும் அப்படித்தான் இருக்கா?"

 அவள் வலது கையை மேசைக்கு மேல் தூக்கினாள். விரலை வளையமாகச் சேர்க்கப் போனாள். சேர்க்கவில்லை. கையை விரித்தாள். அந்தக் கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஆடியது.

சரியில்லை. பிறகு விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"சரி," என்றார் அவர். "நாளைக்கு டாக்டர்கிட்ட சேந்து போவோம். இதை அவர்கிட்டயும் சொல்லணும். நான் கூட வரேன்."

"ம்." அவள் வளையம் காட்டினாள், இந்தத் தடவை கேள்வியாக. "நீங்க மாமா?"

இத்தனை காலமாக யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். நல்லா இருக்கேன். பழக்கத்தில் விரல்கள் வளையத்துக்குப் போய்விட்டன. எதிரே, தன்னை நம்பி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் கை விரிந்தது. ஆடியது.

வெகு நேரம் மடக்கி உட்கார்ந்த காலை நீட்டும்போது, மரத்த இடத்தில் ரத்தம் ஓடிச் சுரீர் சுரீர் என்று குத்துமே, அப்படி எங்கோ உள்ளே ஒரே ஒரு குத்து. அவ்வளவுதான். மறுபடி மரத்துப்போயிற்று. ஆனால் குத்தியது நிஜம்.

"என்ன ரெண்டு பேரும் காத்துல கையை ஆட்டிட்டு இருக்கீங்க?" மாமியார் துடைக்கிற துணியோடு வாசல்படியில் நின்றாள். "ஈ ஓட்டறீங்களா?"

மருமகள்தான் சொன்னாள். வளையம் என்றால் என்ன, ஆடுகிற கை என்றால் என்ன என்று காட்டினாள்.  அந்த அம்மாள் துணியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டாள். மேசைக்கு வந்து, பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே இன்னொரு மாஸ்க் இருந்தது. பவர் தேவைப்படாத ஒன்று.

எடுத்தாள். எடைபோடுவது போலக் கையில் வைத்திருந்தாள். யார் வாங்கியது என்று அவள் கேட்கவில்லை. தாய்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

"இது யாருக்கு இப்போ?"

 மருமகள் மெல்லச் சொன்னாள். "நீந்தப் போறதுக்குத் துணைக்கு ஒருத்தர் வரணுமாம் அத்தை."

"நானா? நல்லா இருக்கே கதை! தலைக்குத் தண்ணி ஊத்தினாலே எனக்கு மூச்சு முட்டும். வேற ஆளைப் பாரு."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். மாஸ்க்கை மட்டும் கீழே வைக்கவில்லை.